நொண்டும் இன்ஜினின் வலது பக்கம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் தெருவில் அவளுக்குக் கண்ணாடியக்கா என்று பெயர். லென்ஸைத் தேய்த்துப் பிரேமில் உட்கார வைப்பதும், கோணிப்போன கம்பியை நிமிர்த்தி ஒருவர் மூக்கில் ஒழுங்காக நிற்க வைப்பதும் அவள் வேலை. கை நிதானமான கை. வாய்தான் கொஞ்சம் அவசரம்.

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். டிரைவராக இருந்தவர் என்று சொல்ல வேண்டும், ஆனால் தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. போன வருஷம் அவரைக் கடை நாற்காலியில் உட்கார வைத்து, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னவள் அவளேதான். வலது கண் தப்பித்தது. இடது கண்ணுக்குப் பலகை இருக்கும் இடமே தெரியவில்லை. வேறு ஆளாக இருந்தால், “எதுக்கும் டாக்டரைப் பாத்துடுங்க” என்று மென்று முழுங்கியிருப்பாள். கட்டினவரிடம் என்ன மறைப்பு? “ஏங்க, இனிமே ஸ்டியரிங்கைத் தொடாதீங்க” என்று போட்டு உடைத்துவிட்டாள். டாக்டரும் அதையே நீட்டி முழக்கிச் சொன்னார். பயணிகள் மறந்துவிட்டுப் போகிற குடைகளையும் பைகளையும் திருப்பிக் கொடுக்கும் கவுண்ட்டருக்கு டெப்போ அவரை மாற்றியது.

அவர் சண்டை போடவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு, ஓடுகிற எதையும் தொடவில்லை. ஸ்கூட்டரை விற்றார். காய்கறி வாங்கப் போனால்கூடத் கடையில் தள்ளிக்கொண்டு போகிற சக்கரக் கூடையை விட்டுவிட்டு எல்லாவற்றையும் கையில் அணைத்துக்கொண்டு வருவார். “எப்படி இருக்கீங்க?” என்று யார் கேட்டாலும், “எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்” என்பார். அந்த ராஜாவைப் பார்க்கத்தான் அவளுக்கு வயிறெரிந்தது. இந்த மனுஷன் மறுபடி ஒரு தடவையாவது எதையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

அதனால்தான் பழைய சாமான் தெருவில் ஓர் அட்டைப்பெட்டியைப் பார்த்ததும் அவள் கால் நின்றுவிட்டது. உள்ளே உடைந்த மின்சாரப் பொம்மை ரயில்கள், ஒன்றுகூட முழுசாக இல்லை. பழைய நீராவி இன்ஜின் ஒன்றின் மேல்கூடு இருந்தது, அதற்குச் சக்கரம் இல்லை. வேறொரு இன்ஜினின் அடிச்சட்டம் இருந்தது, அதற்கு நடுச்சக்கரம் இல்லை. நடுச்சக்கரம் மூன்றாவது ஒன்றிலிருந்து வந்தது. பின்னால் கரி ஏற்றும் வண்டி எந்த ஊர்க் கம்பெனியோ, இன்ஜினைவிட ஒரு சுற்றுப் பெரிசு. எல்லாவற்றையும் ராவி, ஒட்டி, திருகி அவள் ஒரு வண்டியாக்கினாள். பக்கத்து வீட்டில் தையல்கடை வைத்திருக்கும் நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, “கூட்டுக்குடும்பம்” என்று பெயர் வைத்தாள்.

பெயருக்கேற்ற குணம். முதல் நாள், பெட்டியோடு வந்த தண்டவாளத்தில் வைத்ததுமே, கரண்டைக் கூட்டிக் குறைக்கிற ரெகுலேட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தது. கரிவண்டியில் ஒரு சக்கர ஜோடியை மாற்றிப் போட்டிருந்ததால் இரண்டு தண்டவாளத்துக் கரண்டும் கட்டிப் புரண்டு ஷார்ட் சர்க்யூட் ஆகியிருந்தது. அதைத் திருப்பிப் போட்டாள். அடுத்து, முன்னால் போ என்றால் பின்னால் போனது. மோட்டார் ஒயரை இடம் மாற்றினாள். ஒரு வழியாக ஓடவும் ஓடியது, ஆனால் நொண்டி நொண்டி. வளைவு வந்தால் அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

இத்தனையும் சாப்பாட்டு மேஜைமேல், பழைய கதவுப்பலகை ஒன்றில் நடந்தது. வீட்டில் எல்லோரும் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டார்கள். அவள் ரெகுலேட்டரை வேண்டுமென்றே அவர் நாற்காலி பக்கமாக வைப்பாள். அவர் அதை மெல்ல நகர்த்திவிட்டு அந்த இடத்தில் டீ கிளாஸை வைப்பார். ஒருவர்மேல் ஒருவர் குறை சொல்ல வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்த்ததில் குற்றவாளி போன வாரமே அகப்பட்டிருந்தது. சக்கரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் தண்டு இரண்டு பக்கமும் உண்டு. அதில் வலது பக்கத் தண்டின் நடுத்துளை, இரவல் நடுச்சக்கரத்தின் ஆணியை இறுக்கிப் பிடித்தது. தண்டைக் கழற்றித் துளையை அரத்தால் ஒரு மயிரிழை ராவி மாட்டியும் ஆகிவிட்டது. நொண்டல் மட்டும் போகவில்லை. மோட்டாரைத் திட்டினாள், பல்சக்கரத்தைத் திட்டினாள். நாத்தனார் தையல் மெஷின் எண்ணெயோடு வந்து சேர்ந்தாள்.

“அண்ணி, ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க. என் மெஷின் அழுதா இதான் மருந்து.”

“குளிப்பாட்டியே பாத்துட்டேன். இது திருந்துற ஜென்மம் இல்ல.”

வண்டி கிளம்பியது. டக், டக், டக் என்று நொண்டியது. பேப்பரை மூஞ்சிக்கு நேராகப் பிடித்திருந்த அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

“சக்கரம் ஒரு சுத்து சுத்தினா ஒரு தடவை தட்டுது. மோட்டார் கோளாறுன்னா தாறுமாறா தட்டும்.”

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் இன்ஜினை எடுத்து, ரெகுலேட்டர் ஒயரை நேராக அதிலேயே மாட்டி, அவர் உள்ளங்கையில் வைத்தாள். சக்கரங்கள் காற்றில் சுழன்றன. அவர் இரண்டு பக்கமும் விரலை லேசாக வைத்துப் பார்த்தார்.

“வலது பக்கம் பிடிக்குதும்மா.”

“வலது பக்கத்தைத்தான் போன வாரமே ராவிட்டேனே!”

“எந்த வலது?”

“வலதுன்னா வலதுதான். அதுல என்ன எந்த வலது?”

“ராவினப்போ எப்படி வச்சிருந்தே, காட்டு.”

அவள் இன்ஜினை வாங்கி, துடைக்கிற துணிமேல் மல்லாத்தி, புகைபோக்கி தன்னைப் பார்க்கும்படி வைத்தாள். தன் இடது கைப் பக்கம் இருந்த தண்டைத் தொட்டாள். தொட்ட விரல் அங்கேயே நின்றுவிட்டது.

கடையில் எதிரே உட்காருகிறவரின் வலது கண், அவளுக்கு இடது கைப் பக்கம் இருக்கும். வருஷக்கணக்காக அப்படிப் பார்த்துப் பழகிய கை. இன்ஜின் முகத்தைக் காட்டியதும் அதையும் ஒரு வாடிக்கையாளராக நினைத்துவிட்டது. ஆனால் இது மல்லாந்து கிடந்ததால், அவள் இடது கைப் பக்கம் இருந்தது அதன் இடது பக்கமேதான். கடைக்கு யாரும் தலைகீழாக வருவதில்லை.

“நல்லாயிருந்த இடது காலை ராவிட்டேங்க!”

நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “வலிக்கிற பல்லை விட்டுட்டுப் பக்கத்துப் பல்லைப் புடுங்கின கதையா இருக்கே அண்ணி!” அவரும் சிரித்தார். அடக்கிப் பார்த்து முடியாமல், தோள் குலுங்கச் சிரித்தார். அவர் இப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. தன் முட்டாள்தனத்துக்கு அவள் மனசுக்குள் ஒரு நன்றி சொல்லிக்கொண்டாள்.

இந்தத் தடவை இன்ஜினை நிமிர்த்தி வைத்து, அவர் விரலால் காட்டிய தண்டைக் கழற்றினாள். அரத்தை இழுத்தாள், ஆணியில் மாட்டிப் பார்த்தாள், இன்னும் ஓர் இழுப்பு. தண்டு வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. வண்டியைத் தண்டவாளத்தில் வைத்துவிட்டு ரெகுலேட்டருக்காகக் கையை நீட்டினாள்.

அது அவர் கையில் இருந்தது. எப்போது எடுத்தார் என்று யாரும் பார்க்கவில்லை, அவருக்கே தெரியாது போலிருக்கிறது. ‘ஓட்டுங்க’ என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் கீழே வைத்துவிடுவார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நாத்தனார் எண்ணெய்ப் புட்டியை மாரோடு அணைத்தபடி கல்லாகச் சமைந்து நின்றாள்.

அவர் திருகைத் திருப்பினார், கொஞ்சம், அப்புறம் இன்னும் கொஞ்சம். கூட்டுக்குடும்பம் கிளம்பியது. தட்டல் இல்லை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தார், வளைவு தாண்டியதும் மெல்லக் கூட்டினார். பெரிய கரிவண்டி, சின்ன இன்ஜினுக்குப் பின்னால் சொன்ன பேச்சு கேட்டு வந்தது. நாற்காலியில் அவர் முதுகு நேராகிவிட்டிருந்தது. வளைவு வரும்போதெல்லாம் உடம்பும் கூடவே ஒரு பக்கம் சாய்ந்தது.

பலகையின் ஓரத்தில் ஸ்டேஷன் என்று அவள் வைத்திருந்த காலி மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்று கிடந்தது. அங்கே அவர் வண்டியை ஒரு குலுங்கல்கூட இல்லாமல் நிறுத்தினார். நிறுத்தியவர் எடுக்கவில்லை. திருகின்மேல் கை இருந்தது, கண் கண்ணாடிக்கூட்டின்மேல் இருந்தது.

அவ்வளவுதானா? மறுபடி கீழே வைத்துவிடப் போகிறாரா?

“என்னங்க, நின்னுடுச்சா?”

“நான்தான் நிறுத்தினேன்” என்றார் அவர். “இரும்மா, எறங்குறவங்க எறங்கட்டும்.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பூதக்கண்ணாடிக்குள் இன்ஜின் கலங்கி, ஒரு பஸ் அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. அவள் மேஜை ஓரத்தை இரண்டு தட்டுத் தட்டினாள். அசல் கண்டக்டர் குரலில், தெருக்கோடிவரை கேட்கும்படி, “எறங்கியாச்சு, போலாம் போலாம்!” என்று கத்தினாள்.

வண்டி எடுத்தது.