ஆண்பிள்ளைக்கு அறை இல்லாத வீடு

புஸ்தாமி கேட்ட ஒரேயொரு கேள்விக்காக நான் பதினொரு நாள் அவரோடு பேசவில்லை. அத்தனை நாளும் ஒரே சமையலறையில்தான் நின்றோம். காலையில் வந்ததும் "போஞ்சூர், மதாம் மீனா" என்பார். நான் சூப்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். திட்டினாலாவது ஆறும் என்று வீட்டில் சொல்வார்கள்.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறை. அங்கே நான் நோயாளிகளின் தட்டுகளில் சாப்பாடு வைக்கிறவள், அவர் பெரிய சட்டிகளைக் கழுவுகிறவர். 2007இல் அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. கட்டையான உருவம், எப்போதும் தேய்த்த சட்டை. யாராவது அவரை இந்தோனேசியர் என்று சொன்னால், "ஓம், ஆனா மினாங்கபாவ்" என்று திருத்தாமல் விடமாட்டார். சுமாத்திராவின் மேற்குப் பக்கத்து மலைநாடு அது. மராப்பி என்ற எரிமலையின் அடிவாரத்தில், பத்துசங்கார் என்ற பட்டணத்துக்குப் பக்கத்தில் அவருடைய ஊர். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது சமையலறைப் பிரெஞ்சும் கொஞ்சம் இங்கிலிஷும்தான். அவர் சொன்னதையெல்லாம் இங்கே என் தமிழில் எழுதுகிறேன். என் வாய்க்குள் வந்தால் யாரும் மட்டக்களப்பாராகத்தான் கதைப்பார்கள்.

ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில் தட்டுக்கு விரிக்கிற தாளில் தன் தாய் வீட்டை வரைந்து காட்டினார். கற்களின் மேல் நிற்கும் மரத்தூண்கள், நீண்ட மரவீடு, இரண்டு பக்கமும் எருமைக்கொம்புபோல மேலே எழும்பும் கூரை. முற்றத்தில் நெல் போடும் சின்னக் களஞ்சியங்கள். ஏன் எருமைக்கொம்பு என்று கேட்டேன். பெரிய ராசா ஒருவன் படையோடு வந்தானாம். சண்டை வேண்டாம், ஆளுக்கொரு எருமையை மோதவிடுவோம் என்று பேசிக்கொண்டார்களாம். அவன் கொண்டுவந்தது மலைபோல ஒரு எருமை. இவர்கள் பால்குடி மறக்காத கன்றொன்றைப் பட்டினி போட்டு, மூக்கில் இரும்பு முனை கட்டி அவிழ்த்துவிட்டார்களாம். அது தாயென்று நினைத்து மடியைத் தேடி ஓடி, பெரிய எருமையின் வயிற்றைக் கிழித்துவிட்டதாம்.

"அடப்பாவிகளே! வாயில்லாச் சீவனப் பட்டினி போட்டா வென்றீங்க?" என்றேன்.

"ஆனா ஒரு மனிசனும் சாகல்லையே மதாம் மீனா" என்றார். எங்கள் நாட்டில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. தினமும் செய்தி கேட்கிற நான் அவருக்கு இன்னொரு கோப்பை தேத்தண்ணி ஊற்றினேன்.

வீட்டின் பின்பக்கம் வரிசையாகக் கட்டங்கள் போட்டிருந்தார். பெண்பிள்ளைகளின் அறைகளாம். கலியாணம் முடிந்த ஒவ்வொருத்திக்கும் ஒன்று.

"இதில உங்கட அறை எது?"

"எனக்கா? ஆண்பிள்ளைக்கு அறை இல்ல."

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். உண்மைதானாம். வீடும் வயலும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஏழெட்டு வயதானதும் பையன்கள் தொழுகைக்கூடத்தில் ஒன்றாகப் படுப்பார்கள். ஓதலும் அங்கே, மல்லுப் பழகுவதும் அங்கே. பிறகு ஊரைவிட்டுப் புறப்பட்டு உலகம் பார்த்துச் சம்பாதிக்க வேண்டும். போகாதவனைத்தான் ஊர் ஒருமாதிரிப் பார்க்கும். புஸ்தாமி பத்தொன்பது வயதில் புறப்பட்டுச் சிங்கப்பூரில் கப்பல் ஏறி, கப்பல் சமையற்காரனாக எத்தனையோ துறைமுகம் சுற்றி, 1988இல் மொன்றியலில் இறங்கியவர். கலியாணம் செய்தால் மனைவி வீட்டில் இருக்கலாம், ஆனால் அங்கே விருந்தாளிதான். வருத்தம் துன்பம் என்றால் சகோதரி வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். செத்தாலும் சகோதரியின் ஆட்கள்தான் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள்.

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல வேண்டும். "இது எங்கட கதையெல்லோ!" என்று மேசையில் அடித்தேன். மட்டக்களப்பிலும் வீடு பெண்ணுக்குத்தான். குடி என்கிற குலமும் தாய்வழிதான். கலியாணப் பேச்சென்றால் சாதகத்துக்கு முதல் குடியைக் கேட்பார்கள். ஒரே குடியென்றால் அண்ணன் தங்கை முறை, அத்தோடு பேச்சு முடிந்தது. கல்லடியில் உள்ள என் வீட்டை அண்ணன் உதயன்தான் கல்லும் மண்ணும் சுமந்து கட்டினார். கூரை போட்ட கையோடு என் பெயருக்கு எழுதிவிட்டு, தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போனார். ஒரு சொல் சொல்லவில்லை. இதையெல்லாம் நான் பெருமையாகச் சொன்னேன்.

"உங்கட அண்ணன் இப்ப எங்க இருக்கிறார்?" என்று புஸ்தாமி கேட்டார்.

மச்சாள் செத்துவிட்டா, அந்த வீடு மகளுக்குப் போய்விட்டது, மருமகனோடு சரிவரவில்லை, சந்தைக்குப் பக்கத்தில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறார் என்றேன். என் வீட்டில் சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் அலுவலகம் வைத்திருக்கிறது என்றும் சொன்னேன். புஸ்தாமி தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுச் சட்டி கழுவப் போனார்.

அந்த வருடம் அவருக்கு நல்ல வருடமில்லை. மார்ச் மாதம் அந்த மலைநாட்டில் பூமி அதிர்ந்தது. தாய் வீடு ஒரு பக்கம் சரிந்துவிட்டதாகத் தொலைபேசி வந்தது. அதற்குள் யாரும் இருக்கவில்லை. அவருடைய ஒரே அக்கா பெண்பிள்ளை இல்லாமலே ஒன்பது வருடத்துக்கு முன் காலமாகிவிட்டா. அன்றிலிருந்து வீடு பூட்டித்தான் கிடந்தது. செப்டெம்பரில் இவருக்கு நெஞ்சு நோ வந்தது. இதயத்தில் அறுவைச் சிகிச்சை வேண்டும் என்றார்கள். நவம்பர் கடைசியில் நாளும் கொடுத்தார்கள்.

அதற்கு ஒரு படிவம் இருந்தது. ஆறு கிழமை பாரம் தூக்கக்கூடாது, தனியாக இருக்கக்கூடாது. வீட்டுக்கு யார் அழைத்துப் போவார், உறவு என்ன? தாதி கத்தரின் நல்ல பிள்ளை, பொறுமையாகக் கேட்டாள். இவர் அந்தக் கோட்டை வெறுமையாக விட்டார். ஓய்வு இல்லம் ஒன்றுக்கு எழுதிப் பார்க்கவா என்றாள். வேண்டாம் என்றார். இருப்பதோ மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. ஏறுவதற்கு வெளிப்படிக்கட்டு, பனிக்காலத்தில் அது முழுக்க ஐஸ்.

"கத்திக்குப் பயமில்ல. அந்த வெறுங்கோட்டப் பாக்கத்தான் ஏலாமக் கிடக்கு. சகோதரி இல்லாத ஆம்பிளைக்குப் போறதுக்கு வாசல் இல்ல. எனக்கு இந்த ஒப்பரேசன் வேணாம்" என்றார்.

"விசர்க்கதை கதைக்காதீங்க!" என்று கத்தினேன். வைத்தியம் செய்யாவிட்டால் ஆள் போய்விடுவார் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். எங்களுடையது நாலரை வீடு, மொன்றியல் கணக்கில் இரண்டே படுக்கையறை. மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், நான். இதற்குள் அவரை எங்கே படுக்கவைப்பது? இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் ஒரு முடிவுக்கு வந்தேன். மனுசனுக்குக் கலியாணம் செய்து வைத்துவிட்டால் என்ன?

பெண்ணையும் நான்தான் பிடித்தேன். மஞ்சள் கோட்டு மெட்ரோவில் எனக்கு எதிரே ஒரு பெண் இருந்தா. மடியில் இருந்த துணிப்பையில் அதே எருமைக்கொம்புக் கூரை, நூலால் தைத்தது. "மினாங்கபாவ்?" என்று கேட்டேன். அவ என்னைக் கட்டிப்பிடிக்காத குறைதான். பெயர் யுஸ்னியார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் சின்ன பங்களோ, கார்டரி ஒன்றில் பிள்ளைகள் பார்க்கும் வேலை, புருசன் இல்லை. மகள் கியூபெக் நகரில் படிக்கப் போய்விட்டாள். மகளின் அறை வெறுமையாகக் கிடக்கிறது என்று அவ சொன்னபோது எனக்குள் மேளச் சத்தமே கேட்டுவிட்டது.

ஒரு ஞாயிறு மதியம் இருவரையும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். உங்கள் ஊர் ஆள் ஒருவர் வருகிறார் என்று மட்டும் இருவரிடமும் சொன்னேன். ஒப்பரேசன் கதையை யுஸ்னியாரிடம் மூச்சுவிடவில்லை. நோயாளி மாப்பிள்ளையை யார் கட்டுவார்? புஸ்தாமி கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். நான் தேங்காய்ப்பாலில் மீன் ஆக்கியிருந்தேன். அவ மணிக்கணக்காக வற்றவைத்த கருத்த மாட்டிறைச்சிக் கறி கொண்டுவந்தா. இருவரும் தங்கள் மொழியில் கதைத்தார்கள், சிரித்தார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் முகங்களைப் பார்க்கவே வயிறு நிறைந்தது. இந்தா பழம் பழுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பாயசம் எடுத்துவரப் போனேன்.

நான் திரும்பி வரும்போது புஸ்தாமி கரண்டியை வைத்துவிட்டு ஏதோ கேட்டார். யுஸ்னியார் ஒரேயொரு சொல் சொன்னா.

"பிலியாங்."

புஸ்தாமி என் பக்கம் திரும்பி, "மதாம் மீனா, நானும் பிலியாங். இவ என்ட தங்கச்சி" என்றார்.

பிலியாங் என்பது அவர்களுடைய ஒரு குடியின் பெயர். குடி! மட்டக்களப்பில் பிறந்த நான், குடி கேட்காமல் கலியாணம் பேசியிருக்கிறேன். கனடாவுக்கு வந்தால் இதெல்லாம் எங்கே என்று இருந்துவிட்டேன். என்மேல் வந்த ஆத்திரம் முழுவதையும் அவர்மேல்தான் கொட்டினேன். அவ போனதும் பிடித்துக்கொண்டேன்.

"அவவின்ட ஊர் வேற, உங்கட ஊர் வேற! அத என்னத்துக்குக் கேட்டீங்க?"

"கேக்காம எப்பிடி? ஆளக் கண்டா, பேருக்குப் பிறகு நாங்க கேக்கிறது அதத்தானே."

"ஒரு மணித்தியாலம் பொறுத்திருக்கலாமே!"

"ஒரு மணித்தியாலத்தால அவ வேற குடியாகிருவாவா?"

அன்று தொடங்கியதுதான் அந்தப் பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் கத்தரின் சமையலறை வாசலில் வந்து நின்றாள். மிஸ்யே புஸ்தாமி ஒப்பரேசனை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறாராம், நீ கொஞ்சம் பேசிப் பாரேன் என்றாள். அவரிடம் போகவில்லை. வெளியே போய் யுஸ்னியாருக்குத் தொலைபேசி எடுத்து, மறைத்த எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அழுதும்விட்டேன்.

அந்தப் பக்கத்திலிருந்து நல்ல ஏச்சு விழுந்தது.

"இத ஏன் அண்டைக்கே சொல்லல்ல? கலியாணம் எண்டு நீங்க வாய் திறந்திருந்தா நான் அந்த இடத்திலேயே ஏலாது எண்டுதான் சொல்லியிருப்பன். எனக்கு இனிப் புருசன் வேணாம். ஆனா அவர் என்ட குடி ஆள். என்ட அண்ணன் வாசல் இல்லாம நிக்கிறார், எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல!"

புஸ்தாமி அன்று குடியைக் கேட்காமல் இருந்திருந்தால் அவருக்கு இந்த வாசல் கிடைத்திருக்காது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த நாள் யுஸ்னியார் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தா. படிவத்தை வாங்கி, வெறுமையாகக் கிடந்த கோட்டில் தன் பெயரையும் விலாசத்தையும் எழுதினா. உறவு என்ற இடத்தில் சகோதரி என்று எழுதினா. கத்தரின் வாசித்துவிட்டு, முகத்தில் சிரிப்போடு, "ஒரே அம்மாவா?" என்று கேட்டாள்.

"ஓம். கனகாலத்துக்கு முந்தின அம்மா. ஆனா ஒரே அம்மாதான்" என்றா யுஸ்னியார். புஸ்தாமி சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. டிசெம்பர் நடுவில், நல்ல பனியில், மஞ்சள் கோடு பிடித்து லொங்குய்க்குப் பார்க்கப் போனேன். மகளின் அறையைத்தான் கொடுத்திருந்தா. நீலச் சுவர், புத்தக அலுமாரி, கட்டிலில் பூப்போட்ட கம்பளி. புஸ்தாமி மெலிந்துபோய், தலையணையில் சாய்ந்திருந்தார். ஆனால் சட்டை தேய்த்திருந்தது.

"ஹோல்ல படுக்கிறன் எண்டுதான் சொன்னன். கேக்கிறா இல்ல" என்றார். பிறகு சுவரைத் தடவிப் பார்த்தார். "மதாம் மீனா, அம்மா வீட்டில எனக்கு அறை கிடைச்சது இதுதான் முதல் தரம்."

நான் வாங்கிப் போன தோடம்பழங்களை உரித்துக் கொடுத்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் கல்லடி வீட்டின் முன்னறைதான் கண்ணுக்குள் நின்றது. அந்த அறையின் சன்னலை அண்ணன் இரண்டு தரம் கழற்றிப் பூட்டினார், காற்று சரியாக வரவில்லை என்று. எனக்கு வெட்கமாக இருந்தது. இவருக்கு வாசல் தேடி நான் மெட்ரோவெல்லாம் அலைந்திருக்கிறேன்.

அடுத்த நாள் காலை வேலைக்குப் போகுமுன் ஃபோன் கார்ட் போட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே பின்னேரம். சந்தைச் சத்தம் கேட்டது.

"அண்ணன், வீட்டில இருக்கிற ஒஃபிஸ்காரர் தை மாசம் முடியப் போறாங்க. இனி ஆருக்கும் குடுக்கமாட்டன். கதவுத் திறப்ப நீங்க வாங்குங்க. முன்னறை உங்களுக்கு."

அவர் சந்தைச் சத்தத்தைவிட்டுத் தள்ளிப் போவது கேட்டது. கார்டில் நிமிடம் முடிந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"அது உன்ட வீடெல்லோ புள்ள. நான் எப்பிடி வாற?" என்றார்.

"ஓம், என்ட வீடுதான். அதாலதான் கூப்பிடுறன் அண்ணன், வாங்க" என்றேன்.