பின்கதவைத் தூக்கித் திறந்தவர்

என் பழைய மொறிஸ் காரின் பின்கதவைச் சற்றுத் தூக்கினால்தான் திறக்கலாம். கல்யாண வாடகை ஓட்டங்களில் நானே இறங்கித் திறந்துவிடுவேன். ஒருமுறை மாப்பிள்ளை வீட்டார் பிடித்த ஓட்டத்தில், மணப்பெண்ணை ஏற்றக் கொழும்புத்துறைக்குப் போனேன். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பெண்ணின் மாமி, நரைத்த கொண்டையில் மல்லிகைச் சரத்தோடு வந்து, யாரும் சொல்லாமலே கதவைத் தூக்கித் திறந்தார். பிறகு அப்படியே நின்றுவிட்டார். மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துக் காரைப் பார்த்தார்.

"தம்பி, உது முதல் ஆரின்ரை கார்?"

"தெரியாது அம்மா. வித்தவரும் சொல்லேல்லை."

"என்ரை புருசன்ரை கார். இடம்பெயரேக்கை அண்ணையிட்டை விட்டிட்டுப் போனனாங்கள். செல் குண்டு விழுந்து எரிஞ்சு போச்சுதெண்டு சொன்னவர். நீர் ஆரிட்டை வாங்கினீர்?"

அப்போதுதான் அவருடைய தமையன், மணப்பெண்ணின் தகப்பன், வெளியே வந்தார். மருதனார்மடச் சந்தையடியில் எனக்குக் காரை விற்றவர் அவர்தான். என்னைக் கண்டதும் படியிலேயே நின்றார். என் பார்வையும் அவரிடமே போயிற்று. மாமி எங்கள் இருவரின் முகங்களையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஏறுங்கோ அண்ணை," என்றார். "எங்கடை கார்தானே."

நானாக இருந்தால் தெரு முழுக்கக் கேட்கக் கத்தியிருப்பேன். அவரோ தேவாலயம் வரை மருமகளின் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே வந்தார். தமையனின் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.