பேரைச் சொல்லிக் கூப்பிட்ட மத்தியானம்

பேயாவது பிசாசாவது, அதெல்லாம் கரண்டு வராத காலத்துக் கதைன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன்தான் நானும். கோவில்பட்டில மோட்டாருக்கு காயில் கட்டுத கடை வச்சிருக்கேன். சுடுகாட்டை ஒட்டுன கெணத்துலகூட ராத்திரி தனியா எறங்கி மோட்டாரு மாட்டிட்டு வந்திருக்கேன், ஒண்ணும் என்னை அண்டுனதில்ல. நீங்க நம்பாட்டா எனக்குக் கோவம் வராது தம்பி, ஆனா பாதில எந்திரிச்சுப் போயிராதீங்க.

எம் வீட்டுக்காரி லெச்சுமிக்குப் பொறந்த ஊரு எப்போதும்வென்றான் பக்கம். சின்னதுல பாசிப்பயறு மேய வந்த மானைக் கல்லெடுத்து வெரட்டித்தான் பழக்கம், ஒரு மானையும் நின்னு பாத்ததில்லையாம். குருமலைக் காட்டுக்குள்ள நடந்து போயி மான் பாக்கலாம்னு யாரோ போன்ல படம் அனுப்பிட்டாவ, அதுலருந்து ஒரே நச்சரிப்பு. காட்டு வாட்ச்சர் சுப்பையா நம்ம கடைக்கு வந்து போற ஆளு, அவர்ட்ட சொல்லிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போனேன். அவரு காட்டு வாசல்லயே உக்காந்துக்கிட்டாரு.

இங்க ஒண்ணு சொல்லணும். அவ எம் பேரைச் சொல்ல மாட்டா. எங்க பக்கத்துப் பொம்பளைக முக்காவாசிப் பேரு அப்படித்தான், ஆனா இவ ரொம்ப மோசம். எம் பேரு முருகேசன், அதனால சாமி பேரைக்கூடச் சொல்லாம 'திருச்செந்தூர்க்காரரு'ம்பா. ஆஸ்பத்திரில புருசன் பேரு என்னன்னு கேட்டா பக்கத்துல நிக்கவளைப் பாத்து முழிப்பா. தூரத்துல இருந்து என்னைக் கூப்பிடணும்னா மக பேரைச் சொல்லி 'ஏ ராஜி'ன்னு சத்தம் குடுப்பா. ராஜி கல்யாணமாகி மதுரைக்குப் போயி வருசம் ஆச்சு, இருந்தாலும் ராஜின்னா நான்தான் என்னன்னு போகணும்.

கொஞ்ச தூரம் நடந்ததும் அவளுக்கு மூட்டு வலி. ஒரு உசிலை மரத்தடில பாறையில உக்காந்துக்கிட்டு, நீங்க போயி மான் நிக்கான்னு பாத்துட்டு வாங்க, நின்னா நான் வாரேன்னா. நான் தனியா மிருகங்க தண்ணி குடிக்கித தொட்டி வரைக்கும் போனேன். நல்ல உச்சி வெயிலு, ஒரு காக்கா சத்தம் கிடையாது. பொதருக்குள்ள குத்தவச்சு உக்காந்திருந்தேன், நாலஞ்சு புள்ளிமானு வந்து நின்னுச்சு. அடடா, அவ இல்லாமப் போனாளேன்னு நெனைக்கேன், அப்பத்தான் கேக்குது. 'முருகேசா...'ன்னு. லெச்சுமி குரலு.

இத்தனை வருசத்துல ஒரு நா சொல்லாதவ இன்னைக்கா சொல்லுவா? காட்டுல பேரு சொல்லிக் கூப்பிட்டா மூணு தரம் கூப்பிட்ட பொறவுதான் ஏன்னு கேக்கணும், பேய் பிசாசுன்னா மூணாந்தரம் கூப்பிடாதுன்னு எங்க ஊர்ல சொல்லுவாவ. அதைச் சொல்லுதவங்களைக் கேலி பண்ணித் திரிஞ்சவன், அன்னைக்கு வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். ரெண்டாந்தரமும் கேட்டுச்சு, இழுத்தாப்புல. மூணாந்தரம் வரவே இல்ல. சரி, இது அவ இல்ல, அதேதான்னு முடிவே பண்ணிட்டேன். சத்தம் வந்த பாதைல போகப் பயந்து, ஓடையைச் சுத்திப் போயி, அவ இருந்த எடத்துக்கு அந்தப் பக்கமா வந்து சேந்தேன். அரை மணி நேரமாவது ஆயிருக்கும்.

வந்து பாத்தா லெச்சுமி பாறைக்குக் கீழ கெடக்கா. காலு வீங்கிக் கன்னிப்போயிருக்கு, ரெண்டு பல்லுத் தடம், ரத்தம் நிக்காமக் கசியுது. எந்திரிக்கையில விரியன் போட்டுட்டுப் போயிருக்கு. என்னைப் பாத்ததும் அழல, கோவத்துலதான் பேசுனா. "வாரேன் வாரேன்னியளே, இந்தா இருக்க எடத்துக்கு வர இம்புட்டு நேரமா?"

போன் டவரு அங்கன எடுக்காது. தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு ஓடுனேன், வாசல்ல இருந்த சுப்பையா வண்டிய எடுத்தாரு. போற வழில கேட்டேன், நீ எம் பேரைச் சொல்லியா கூப்பிட்டன்னு. "உசுரு போகுதுன்னு பயந்துட்டேன், வாயில வந்துட்டு. நீங்கதான் வாரேன்னு சத்தம் குடுத்துட்டியளே, அதான் பொறவு கூப்பிடல"ன்னா. நான் எதுவுமே சொல்லலியேம்மா, வாயே தெறக்கலியேன்னேன். "பொய் சொல்லாதிய"ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. எங்கிட்ட அவ பேசுன கடைசிப் பேச்சு அதான். ஆஸ்பத்திரில, கொஞ்சம் முந்திக் கொண்டாந்திருக்கலாம்னாவ. ரெண்டு நா கண்ணு முழிக்காமக் கெடந்து போய்ச் சேந்துட்டா.

வலியில அவளுக்கு ஏதோ கேட்டிருக்கும்னுதான் நானும் மனசைத் தேத்திக்கிட்டேன். நீங்களும் இப்ப அதைத்தான நெனைக்கிய? காரியத்தன்னைக்கு சுப்பையா வந்திருந்தாரு. என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போயி, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுச் சொல்லுதாரு. "அண்ணாச்சி, அக்கா கூப்பிட்டது எனக்கும் கேட்டுச்சு. ஓடிப் போகணும்னு எந்திரிச்சிட்டேன். அதுக்குள்ள நீங்க 'இந்தா வாரேன்'னு சொன்னிய, அக்கா பக்கத்துலருந்துதான் கேட்டுச்சு. சரி, புருசன்தான் கூட இருக்காரேன்னு திரும்ப உக்காந்துட்டேன்."

அது எம் குரலுதான்னு அவரு இன்னைக்கும் புள்ளை மேல சத்தியம் பண்ணுதாரு.