கூத்தாநல்லூர் தங்கச்சி காட்டிய பழைய லேப்டாப்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு புரட்டாசி மாதம். குறுவை அறுத்து நெல்லை விற்ற கையோடு, நானும் என் வீட்டுக்காரரும் மகளை அழைத்துக்கொண்டு குடவாசலிலிருந்து தஞ்சாவூருக்குக் கிளம்பினோம். மகள் அப்போதுதான் இன்ஜினீயரிங் சேர்ந்திருந்தாள். லேப்டாப் இல்லாமல் சமாளிக்க முடியாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். எங்களால் ஒன்றுதான் வாங்க முடியும். அது நாலு வருடப் படிப்புக்கும் தாங்கியாக வேண்டும். நடுவில் படுத்துக்கொண்டால் இன்னொன்றுக்கு வழியில்லை. பஸ்ஸில் வழி நெடுக எனக்கு அதே நினைப்புதான்.

கடையில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஒன்றையும் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்ப்பதும், உதட்டைப் பிதுக்கி வைப்பதுமாக நகர்ந்தார். களத்தில் நெல்லை அள்ளி உள்ளங்கையில் குலுக்கிப் பார்த்தே பழகிய கை அது. கனத்தால் மணி, கனக்காவிட்டால் பதர். அவருக்குத் தெரிந்த சோதனை அதுதான். கடைசியில் இருப்பதிலேயே தடியான ஒன்றைத் தூக்கி, "இதுலதான் சரக்கு இருக்கு" என்றார்.

"அதைச் சுமந்தா எனக்குக் கூன் விழுந்துடும்ப்பா" என்று மகள் வேறொன்றைக் காட்டினாள். ஒல்லியாக, வெள்ளித் தட்டு மாதிரி மினுக்கியது.

"அப்பளமாட்டம் இருக்கு. உக்காந்தா நொறுங்கிடும்."

"லேப்டாப் மேல யாருப்பா உக்காருவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எது நல்லது என்று எனக்கு மட்டும் என்ன தெரியும்? அதோடு குப்பை கொட்டப் போகிறவள் மகள்தானே என்று, அந்த ஒல்லியானதற்கே பில் போடச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, கொஞ்சம் இருங்க. பில் போட வேணாம்."

ரிப்பேர் மேசைப் பக்கம் நின்றிருந்த பெண். புர்கா அணிந்திருந்தாள், என்னைவிட இளையவள். கூத்தாநல்லூராம். வீட்டிலிருந்தபடியே கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறாளாம். தன் பையைத் திறந்து ஒரு லேப்டாப்பை எடுத்து எங்கள் முன்னால் வைத்தாள். அதே ஒல்லி, அதே மினுக்கு.

"நானும் அழகைப் பாத்து மயங்கித்தான்க்கா வாங்கினேன். ரெண்டு வருஷத்துலயே திணற ஆரம்பிச்சிடுச்சு. மெமரி கூட்டலாம்னு கொண்டாந்தா, அது போர்டோட சேந்தே வந்திருக்காம், கூட்ட முடியாதாம். இதை நம்பித்தான் என் பொழப்பே ஓடுது."

"அதான் நான் கனமானதைச் சொன்னேன்" என்று என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"இது என்ன நெல்லாண்ணே, கனம் பாக்க?" என்று சிரித்துவிட்டாள். "பின்னாடி மெமரி கூட்டலாமா, பேட்டரி மாத்தலாமா, கீபோர்டு போனா தஞ்சாவூர்லயே சாமான் கிடைக்குமா, அதைக் கேளுங்க."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "அவங்க சொல்றது நெசந்தாங்க. நீங்க கேக்கல, நானும் சொல்லல."

அதற்குப் பிறகு அவளே எங்களோடு நின்று, ஒவ்வொன்றுக்கும் அந்தக் கேள்விகளைக் கேட்டாள். கடைசியில் தேறியது பகட்டில்லாத ஒரு கறுப்பு லேப்டாப். அதற்குள் அவளுடைய மன்னார்குடி பஸ் போய்விட்டிருந்தது. நான் பதறினேன். "பஸ்ஸுக்கென்னக்கா, அடுத்தது வரும். பாப்பா படிப்புதான் முக்கியம்" என்றாள். ஒரு டீ குடிக்கக் கூப்பிட்டதற்குக்கூட நிற்கவில்லை. அந்தப் பரபரப்பில் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் போனோம்.

இப்போது மகள் கடைசி வருடம் படிக்கிறாள். இடையில் ஒருமுறை திணறியபோது மெமரி கூட்டினோம், பேட்டரி மாற்றினோம். எல்லாம் தஞ்சாவூரிலேயே முடிந்தது. அதே கறுப்பு லேப்டாப் முன்னால்தான் இன்றைக்கும் உட்கார்ந்து புராஜெக்ட் செய்துகொண்டிருக்கிறாள்.

ஏமாந்த கதையை நாமெல்லாம் மூடித்தான் வைப்போம், நாலு பேர் நம்மை லேசாக நினைத்துவிடுவார்களோ என்று. அவளோ முன்பின் பார்த்திராத எங்களுக்காக, நாலு பேர் நிற்கிற கடையில் தன் நஷ்டத்தை எடுத்து விரித்துக் காட்டினாள்; என் மகள் படிப்பு தடங்கலில்லாமல் ஓடுவதில், பெயர் தெரியாத அந்தத் தங்கச்சிக்கும் பங்கிருக்கிறது என்றே நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.