மருமகனுக்கு ஒளித்த குரக்கன் பிட்டு

எங்கட ஊர்ல கலியாணம் முடிஞ்சா மாப்பிள்ளைதான் பொண்ணு ஊட்டுக்கு வந்து இருப்பார். வந்தவர் மெலிஞ்சா ஊர் கேக்கிறது மாமியத்தான். என்ட மருமகன் வந்து மூணு மாசத்துல பெல்ட்டுல ரெண்டு ஓட்டை உள்ளுக்குப் போயிட்டார்.

நானும் சும்மா விடல்ல. நெய்ச்சோறு, கோழி ஆணம், வட்டிலப்பம். எதை வெச்சாலும் நாலு வாய் திண்டுபோட்டு "போதும் மாமி" என்பார். மூணு மாசமா அந்த மனிசன் என்னோட கதைச்ச கதை அது ஒண்டுதான். அஸர் தொழுதா மோட்டார் சைக்கிள் நேரா நற்பிட்டிமுனையில அவர்ட உம்மா ஊட்டுக்குத்தான் போகும். வரக்குள்ள முகம் பளபளண்டு இருக்கும். ஒருநாள் அங்கேயே தங்கிட்டா என்ட புள்ளைட வாழ்க்கை என்னாகும் எண்டு யோசிச்சே எனக்குச் சீனி ஏறிச்சு.

சீனி வருத்தத்துக்கு எனக்குக் குரக்கன் எண்ட கேழ்வரகுதான். சாகாமத்துக் குரக்கன் மாவுல பிட்டவிச்சு, தேங்காப்பூ தாராளமாப் போட்டு, நெத்தலிச் சம்பலோட குசினிக்குள்ள ஒதுங்கித் திம்பேன். அந்தக் கறுத்த பிட்டப் புது மாப்பிள்ளைக்கு வெச்சா மானம் போகாதா? பிட்டுச் சட்டிக்கு மேல இன்னொரு சட்டியக் கவுத்து மூடித்தான் வெப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து ஊட்டுக்குப் போயிட்டுப் பின்கதவால வாறேன். மருமகன் குசினியில குந்தி இரிக்கார். மடியில என்ட பிட்டுச் சட்டி. கன்னமெல்லாம் சம்பல். விழுங்கவும் ஏலாம எழும்பவும் ஏலாம முழிக்கார்.

"உம்மா ஊட்டுல திங்கிறதும் இதுதான் மாமி," என்றார், ஒருமாதிரி விழுங்கிப்போட்டு. "சின்னப் புள்ளையிலிருந்து குரக்கன் எண்டா எனக்கு உசிரு. இங்க மணம் மட்டும் வருது. கேக்க வெக்கமா இருந்திச்சு."

யா அல்லாஹ், இதுக்கா நான் இத்தனை கோழி அறுத்தேன்! வயிறு வலிக்கச் சிரிச்சு நிலத்துல குந்திட்டேன். நான் அழுறேன் எண்டு நினைச்சு மகள் ஓடி வந்தா. விசயத்தைக் கேட்டு அவளும் சிரிப்புத் தாங்காம என் பக்கத்துல குந்திட்டா.

அதுக்குப் பொறகு எனக்குத் தலைகால் தெரியல்ல. காலையில குரக்கன் கஞ்சி, பின்னேரம் ரொட்டி, ராவைக்கு இடியப்பம். நெய்ச்சோத்துச் சட்டி பரணுக்குப் போயிட்டுது. அஸர் முடிஞ்சும் மோட்டார் சைக்கிள் மாமரத்தடியிலயே நிக்கிது.

நேத்து ரொட்டி சுட்டுக்கொண்டு நிக்கக்குள்ள முதுகுக்குப் பின்னால சாப்பாட்டுக் கோப்பை ஒண்டு நீண்டிச்சு.

"இன்னும் ரெண்டு வைங்க மாமி."