தும்மலுக்கு நூறு

எங்கள் வீட்டில் யார் தும்மினாலும் பக்கத்தில் இருப்பவர் 'நூறு' என்பார். நூறு வயது வாழ வேண்டுமாம். அடுத்த தும்மலுக்கு இருநூறு. மகள் பிறந்த பிறகு அந்த வாழ்த்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் பிறந்தவள் அவள். வலி எடுத்தும் இறங்கி வராமல், கடைசியில் ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். தையல் ஆறிவிட்டது. ஆனால் தும்மினால், இருமினால் சிறுநீர் கசிந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தால், அடிவயிற்றிலிருந்து ஏதோ கீழே இறங்கி நிற்பதுபோல ஒரு கனம். இதை யாரிடம் போய்ச் சொல்ல? பாவாடை நனைந்த பழியெல்லாம் மடியில் கிடந்த குழந்தை மேல் போயிற்று.

"தாமிரவருணியவே குடிச்சிட்டு வந்திருக்கா போல" என்று அம்மா சிரித்தாள். என்னால் கூடச் சேர்ந்து சிரிக்கவும் முடியவில்லை. சிரித்தாலும் கசியும்.

பிரசவத்துக்கு டவுனில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். என்னைக் குளிப்பாட்டி முடித்ததும் அம்மா பழைய நூல்சேலையை என் வயிற்றில் சுற்றி இறுக்கிக் கட்டுவாள். "பச்ச உடம்பு. கட்டாம விட்டா வயிறு பானையாயிரும்" என்பாள். இறங்குவதைத் துணி தூக்கிப் பிடிக்கும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டு, "இன்னும் இறுக்கும்மா" என்றேன். பேச்சைக் கேட்காத மகள் கேட்கிறாளே என்று அவளும் சந்தோஷமாக இறுக்கினாள். கசிவு கூடியதுதான் மிச்சம்.

விடுப்பு முடியப் போகிறது. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், மறுபடி கரும்பலகை முன் நாள் முழுக்க நிற்க வேண்டும். சாக்பீஸ் தூளுக்குத் தும்மாத டீச்சர் உண்டா? வகுப்பு நிறையப் பெண்பிள்ளைகள் முன்னால் சேலை நனைந்து நிற்பதை நினைத்தாலே பயமாக இருந்தது. ஆசை ஆசையாகப் படித்து வாங்கிய வேலை. அதை விட்டுவிடுவது என்று அழுதுகொண்டே முடிவு செய்தேன்.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது காரணத்தோடு சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"ஏட்டி, இதுக்கா வேலைய விடப்போற? நீ பொறந்ததுலேருந்து எனக்கும் அப்படித்தான் இருக்கு. ஒரு துணி கூட வச்சிக்கிட்டா ஆச்சு."

தும்மல் வந்தால் அம்மா கையில் இருப்பதை வைத்துவிட்டுச் சட்டென்று உட்கார்ந்துவிடுவாள். தும்முவதற்கும் இவளுக்கு நாற்காலி வேண்டும் என்று அப்பா கேலி செய்வார், நாங்களும் சிரிப்போம். குடும்பத்தோடு திருச்செந்தூர் போகும்போதெல்லாம் அவள் மட்டும் வரமாட்டாள். "இங்கன இருந்து கும்பிட்டா முருகன் கேக்கமாட்டானா?" என்பாள். அலைச்சல் பிடிக்காதவள் என்றே நினைத்திருந்தோம். என் வயது என்னவோ அதுதான் அவள் சங்கடத்தின் வயதும். யார் மேல் என்று தெரியாமல் கோபம் வந்தது.

அந்த வாரமே பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். பிள்ளையை வைத்துக்கொள்ள அம்மாவும் வந்தாள். டாக்டரம்மா முதலில் வயிற்றுக்கட்டை அவிழ்க்கச் சொன்னார்.

"வயித்த இப்படி இறுக்கினா பாரமெல்லாம் எங்க போகும்? கீழதான் தள்ளும்."

பிறகு, மூத்திரத்தை அடக்குவதுபோல அடிப்பக்கத்துச் சதையை உள்ளிழுத்துப் பிடித்துப் பைய விடச் சொன்னார். உட்கார்ந்தும் செய்யலாம், நின்றும் செய்யலாம், வெளியே யாருக்கும் தெரியாது, ஆனால் பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும் என்றார். அம்மா பேத்தியைத் தட்டிக்கொண்டு ஜன்னலையே பார்த்திருந்தாள்.

மடித்த துணியோடுதான் வேலைக்குப் போனேன். பஸ்ஸில் நிற்கும்போதெல்லாம் அந்தப் பயிற்சியைச் செய்தேன். கசிவு பைய மட்டுப்பட்டது. முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் பயம் போயிற்று.

ஒரு விடுமுறை நாளில் அம்மா மிளகாய் வற்றல் வறுத்துக்கொண்டிருந்தாள். நெடி ஏறித் தும்மினாள். கரண்டி கையிலேயே இருந்தது. அவள் உட்காரவில்லை.

"நூறு" என்றேன்.

மறுபடி தும்மினாள். அப்போதும் நின்றுகொண்டே இருந்தாள். நான் அவளையே பார்ப்பதைக் கண்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இருநூறும்மா."

"சரி, சரி" என்றாள். வற்றலை இரண்டு புரட்டுப் புரட்டிவிட்டுக் கேட்டாள்: "ஏட்டி, திருச்செந்தூருக்குக் காலைல எத்தன மணிக்குப் பஸ்சு?"