பின்படிக்கட்டில் இரண்டு நாற்பது

இதைச் சொன்னால், மாத்திரைச் சூடு தலைக்கேறிவிட்டது என்பார்கள். அன்று எனக்குக் காய்ச்சலே இல்லை. கட்டில் அட்டையில் நர்ஸ் எழுதியது 98.4. அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

நான் லாரி ஓட்டுகிறவன். காசநோய் முற்றி, ரத்தமாகத் துப்பிய பிறகுதான் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பதினாலாம் நம்பர் கட்டில். இரண்டு மாதம் ஒருவேளைகூடத் தவறாமல் மாத்திரை விழுங்கியும் சளியில் கிருமி போகவில்லை. டாக்டர் என் சட்டையை முகர்ந்து பார்க்காத குறைதான். "மருந்து ஒரு பக்கம் புண்ணை ஆத்துது. நீங்க புகையை விட்டுக் கிளறுறீங்க. இப்படியே போனா, குணமானாலும் திரும்ப வரும்" என்றார்.

கிருமி போகும்வரை என் நான்கு மாத மகளைத் தூக்கக் கூடாது. மனைவி ஜன்னலுக்கு வெளியே நின்று குழந்தையைக் காட்டிவிட்டுப் போவாள். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை.

மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை வார்டே தூங்கும். பின்படிக்கட்டுக்குப் போய் ஒன்று பற்றவைப்பேன். ஒரு திங்கட்கிழமை அங்கே ஒருவர் இருந்தார். ஆஸ்பத்திரிச் சட்டை. எலும்பும் தோலுமான உடம்பு. கீழ்ப்படியில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு குடு தம்பி."

கொடுத்தேன். ஆழமாக இழுத்தார். புகை வெளியே வரவில்லை.

"என்னண்ணே, அப்படியே முழுங்கிட்டீங்க?" என்று சிரித்தேன்.

"வெளிய போக வழியில்ல தம்பி."

நக்கல் பிடித்த ஆள் என்று நினைத்துக்கொண்டேன். செவ்வாயன்றும் இருந்தார். இருமுவதுபோல் அவர் தோள்கள் குலுங்கின. சத்தம் மட்டும் என் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது. என் வாய் மூடித்தான் இருந்தது...

அதற்குப் பிறகும் போனேன். புகைப்பழக்கம் அப்படி.

புதன்கிழமை. மணி இரண்டு நாற்பது.

"இன்னிக்கு ரெண்டு எடு."

"யாருக்குண்ணே?"

"மேலேர்ந்து ஒருத்தர் வர்றார்."

சரக்... சரக்... யாரோ செருப்பை இழுத்து இழுத்து இறங்கும் சத்தம்.

திரும்பினேன். பதினைந்தாம் கட்டில் தையல்காரர். என்னோடு திருட்டுத்தனமாகப் புகைத்தவர். நான்கு நாளாக ஆக்சிஜன் குழாயோடு கிடந்தவர். எழுந்து உட்காரவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும்.

குழாய் இல்லை. தனியாக இறங்கினார்.

"அண்ணே..."

பார்க்கவில்லை. என்னைத் தாண்டிப் போய், அந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இருவரும் திரும்பவில்லை. இரண்டு கைகள் மட்டும் பின்பக்கமாக என்னை நோக்கி நீண்டன.

சிகரெட் பாக்கெட்டைக் கீழே போட்டேன்.

ஓடினேன்.

வார்டில் பதினைந்தாம் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. உயிர் போனதாக நர்ஸ் குறித்திருந்த நேரம், இரண்டு நாற்பது.

அதன்பின் நான் சிகரெட்டைத் தொடவில்லை. கை நடுங்கும், தூக்கம் வராது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அடுத்த மாதப் பரிசோதனையில் கிருமி இல்லை. மகளைத் தூக்கினேன். மூக்கைப் பிடித்து இழுத்தாள். வீட்டிலிருந்தபடியே மீதி மாத்திரைகளையும் முடித்தேன்.

பல மாதம் கழித்து ஒருநாள், லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், திடீரென்று தோன்றவே அந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன். பழைய எக்ஸ்ரேயை வாங்கிக்கொள்ளலாம் என்றுதான். வராந்தாவில் முகக்கவசம் போட்ட ஒருவர் வழிமறித்தார். முன்பின் பார்த்ததில்லை. சட்டையில் சிகரெட் வாடை.

"நீங்கதானே முன்னாடி பதினாலாம் நம்பர்?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"இப்ப அந்தக் கட்டில் எனக்கு. பின்படிக்கட்டுல ரெண்டு பேர் உங்களை விசாரிச்சாங்க. அடையாளம் சொன்னாங்க. இன்னிக்கு வருவீங்கன்னும் சொன்னாங்க."

நான் அங்கே போவது என் மனைவிக்குக்கூடத் தெரியாது.